ஞாயிறு மதியம் தால் ஏரிக்கரையில் சாப்பாடு

நண்பர்களே, வரும் ஞாயிறு மணிலாவிலிருந்து, பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில் இருக்கும் தால் ஏரிக்குப் போகிறோம். சாப்பாடு, பல வருடங்களாக ஒரே குடும்பம் நடத்திவரும் கரையோரக் கடையில். அங்கே சமைப்பது பத்தாங்காஸ் வட்டாரச் சாப்பாடு. மணிலா கடைகளில் கிடைக்கும் கறுத்த அடோபோவை (வினிகரில் வேகவைத்த இறைச்சி) மட்டும் சாப்பிட்டவர்கள் இங்கே மஞ்சள் அடோபோவைக் கட்டாயம் சுவைத்துப் பாருங்கள். சோயா சாஸ் கிடையாது. வினிகரும் பூண்டும் மஞ்சளும்தான். முதல் வாயிலேயே எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

சினாயிங் நா துலிங்கான் இன்னொன்று. சூரை இனத்துச் சின்ன மீனைத் தட்டி, உப்பும் உலர்ந்த புளிப்பான பிலிம்பிக்காயும் சேர்த்து, மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அடுத்த நாள் இன்னும் ருசிக்கும், அதனால் பார்சலும் சொல்லலாம்.

தவிலிஸ் மீன் பற்றி ஒரு வேண்டுகோள். நன்னீரில் மட்டுமே வாழும் இந்த மத்தி, உலகிலேயே இந்த ஏரியில்தான் இருக்கிறது. 2019இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். திலாப்பியா போதும்.

சைவம் சாப்பிடுபவர்கள் வியாழனுக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். காய்கறிப் பதார்த்தங்களிலும் இறால் விழுதோ பன்றி இறைச்சியோ சேர்ப்பது வழக்கம். முன்பே சொன்னால்தான் தனியாகச் செய்ய முடியும். அப்புறம், கடைசியில் பராக்கோ காபி உண்டு. நல்ல ஸ்ட்ராங்காக இருக்கும், சர்க்கரையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 8 மணிக்குக் கிளம்புகிறோம். வருபவர்கள் பெயர் போடுங்கள்.