எந்த மாகாணத்துக்குக் கவர்னர்? ஒரு நன்றி மடல்

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமையோடு என் நாலு வருடம் முடிந்தது. லண்டனில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆரம்பப் பாடசாலையில் பேரன்ட் கவர்னராக, அதாவது ஆட்சிக்குழுவில் பெற்றோரின் ஆளாக இருந்தேன். 2021இல் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் "நான் கவர்னர் ஆகிட்டன்" என்று சொன்னபோது, "எந்த மாகாணத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1960இல் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களை எடுப்பதற்கு முன்னால் அங்கே மனேஜர் என்று ஒருவர் இருந்தாரே, அந்த வேலையை இங்கே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்கிறோம், சம்பளம் கிடையாது என்று விளக்கியதும் புரிந்துவிட்டது. "பிறகேன்?" என்றார்.

அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் தேர்தலில் வென்றுகூட வரவில்லை. இரண்டு இடம் காலியாக இருந்தது, இரண்டு பேர்தான் பெயர் கொடுத்தோம், வாக்குச்சீட்டு அச்சடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

முதல் கூட்டம் ரிசெப்ஷன் வகுப்பில், மாலை ஆறு மணிக்கு. நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கிற கதிரைகளில் நாங்கள் எல்லோரும் முழங்கால் நாடியைத் தொடுகிற மாதிரிக் குந்தியிருந்தோம். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. நான் சைவம், என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்து மனசுக்குள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். முடிந்த பிறகு குருவானவர் என்னிடம் வந்து, "அந்த ஒரு நிமிடம் உங்களுக்கும் உரியது, உங்களுக்குப் பிடித்த மாதிரிப் பயன்படுத்துங்கள்" என்றார். ஃபாதர், அதற்குப் பிறகு நாலு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்நியமாக உணரவில்லை. முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்து எங்கள் கிளார்க், அதாவது ஆட்சிக்குழுக் கூட்டங்களை ஒழுங்கு செய்பவர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏழு முழு நாட்களுக்கு முன்பே தாள்கள் எல்லாம் வந்து சேரும். முதல் தடவை திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன், சுருக்கெழுத்துகளே பாதிப் பக்கம். நீங்கள் கேட்காமலே அவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பினீர்கள் அக்கா. அந்தத் தாள் இன்னமும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, மகன் அதில் டைனோசர் ஒன்று கீறியிருக்கிறான்.

நிதிக்குழுவில் இருந்த ஐயாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், திருச்சபை நியமித்த ஃபவுண்டேஷன் கவர்னர். எங்களுடையது போன்ற வாலன்டரி எய்டட் பாடசாலைகளில், அதாவது அரசாங்கப் பணம் பெற்றாலும் திருச்சபை போன்ற ஓர் அமைப்பைச் சேர்ந்த பாடசாலைகளில், அப்படி நியமிக்கப்பட்டவர்கள்தான் பெரும்பான்மை, மற்ற எல்லோரையும் கூட்டினாலும் அவர்கள் இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் வாக்களித்தால் எங்களைத் தோற்கடிக்கலாம், ஆனால் என் அனுபவத்தில் ஒரு தடவைகூட அப்படி நடக்கவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியைக் காட்டி, "இது ஏன் போன வருடத்தைவிடக் குறைவு?" என்று நான் கேட்டபோது, இது கூடவா தெரியாது என்று யாராவது நினைப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவரோ அதிபரைப் பார்த்து, "நல்ல கேள்வி, எனக்கும் அது தெரிய வேண்டும்" என்றார். ஒக்டோபரில் ஒரு நாள் தலை எண்ணுவார்கள், அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் அடுத்த நிதியாண்டுப் பணம் வரும், நாலைந்து பிள்ளைகள் குறைந்தால் ஓர் உதவி ஆசிரியையின் சம்பளம் எங்கே என்று தேட வேண்டிவரும். இதெல்லாம் அன்றுதான் எனக்கு விளங்கியது. ஐயாவுக்கு அது முன்பே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது, எனக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்.

கூரை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. மண்டபத்தில் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாளி இரண்டு குளிர்காலம் இருந்தது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் பாடும்போது டொக், டொக் என்று தாளம் போடும். எங்கள் மாதிரிப் பாடசாலைகளில் பெரிய கட்டட வேலை என்றால் அரசாங்கம் 90 வீதம் தரும், மிச்சம் 10 வீதம் ஆட்சிக்குழுவின் தலையில். பத்து வீதம்தானே என்று கேட்பவர்கள் ஒரு தடவை கூரை போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கோடை விழாவில் அறுநூறு மட்டன் ரோல்ஸ் சுருட்டினோம். தமிழ் அம்மாமார் ஒன்பது பேர் இரவிரவாக என் சமையலறையில் நின்றார்கள், அவர்களில் மூன்று பேருடைய பிள்ளைகள் இந்தப் பாடசாலையில் படிக்கவே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குள் தட்டு காலி. வாளி இப்போது தோட்டத்தில் மண் அள்ளப் போய்விட்டது.

சரி, கஷ்டமானதையும் சொல்ல வேண்டும். லண்டனில் பிள்ளைப் பிறப்புக் குறைந்துகொண்டே வருகிறது, வாடகை தாங்காமல் இளம் குடும்பங்களும் வெளியே போகின்றன, சில பாடசாலைகளை மூடியேவிட்டார்கள். நாங்கள் ரிசெப்ஷனுக்கு எடுக்கும் எண்ணிக்கையை 60இலிருந்து 30 ஆக்க வேண்டியதாயிற்று. எங்கள் மாதிரிப் பாடசாலையில் அனுமதியைத் தீர்மானிப்பதும் ஆட்சிக்குழு, ஆசிரியர்களை வேலைக்கு வைத்திருப்பதும் ஆட்சிக்குழு, ஆகவே கையைக் காட்ட வேறு ஆள் இல்லை. அன்றைய கூட்டம் இரவு பத்தரை வரை போனது. தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார், யாரையும் மௌனத்துக்குள் ஒளிந்துகொள்ள விடவில்லை. நான் கை உயர்த்திவிட்டு வந்து காருக்குள் இருந்து அழுதேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, பாதிக்கப்படப் போகிற ஆசிரியைகளிடம் கடிதம் போவதற்கு முன்னால் நேரில் போய் நின்றவர் தலைவர்தான். அதற்காக அவர் தன் வேலைத்தலத்தில் லீவு போட்டார். அப்படி நேரம் கேட்க இந்த நாட்டில் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அவர் எனக்கு முதல் மாதமே சொன்ன பாடம் ஒன்று: கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், கை வைக்கக் கூடாது. பாடசாலையை நடத்துவது அதிபர், நாங்கள் கேள்வி கேட்க இருக்கிறோம். இதை அம்மாவிடம் தமிழில் சொன்னபோது, கண் வைக்கிறதா, பிள்ளைகளுக்கு நாவூறு படாதோ என்றார்.

அதிபருக்கும் நன்றி, எங்கள் கேள்விகளை வருடக்கணக்காகச் சகித்ததற்கு. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரசாங்க அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் பரிசோதகர்கள் நாளைக்கு வருகிறார்கள் என்று போன் வந்த அன்றும், கவர்னர்களுக்குத் தேநீர் இருக்கிறதா என்று பார்த்தவர் அவர். மருந்துக்கடையில் என் ஷிஃப்டை மாற்றி மாற்றித் தந்த முதலாளிக்கு நன்றி. கூட்ட நாட்களில் இடியப்பம் அவித்துப் பிள்ளைகளைப் படுக்கப் போட்ட என் வீட்டுக்காரருக்கு நன்றி, சொதியில் உப்புக் கூடின நாட்களையும் சேர்த்துத்தான்.

என் இடம் இப்போது காலி. செப்டெம்பரில் விண்ணப்பத் தாள் பிள்ளைகளின் பையில் வரும், தமிழ்ப் பெற்றோர் அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட வேண்டாம். ஆங்கிலம் போதுமா என்று யோசிக்கிறவர்கள் எனக்கு ஒரு போன் அடியுங்கள், அந்தச் சுருக்கெழுத்துத் தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன், டைனோசரோடு.

அப்புறம், மூலை வீட்டு அக்கா, கோடை விழாவுக்குத் தந்த உங்கள் பெரிய தாம்பாளம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவருகிறேன், வெறும் தட்டாகத் தர மாட்டேன்.