நண்டு வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

லேசாகப் பட்டாலே எலும்பு ஒடிந்துவிடும் பிறவி நோய் எங்கள் பாப்பாவுக்கு. இந்த முறை ஒடிந்த தொடை எலும்பில் கம்பி வைத்தாகிவிட்டது. வீட்டுக்கும் வந்துவிட்டோம். நடந்தது பாம்பனிலிருந்து உச்சிப்புளி வரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

முதலில் நண்டு வண்டி அண்ணன். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒடிந்த காலோடு பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். கூப்பிட்ட வாடகைக் காரோ பயந்துபோய்த் திரும்பிவிட்டது. இவர் தானாக வந்து நின்றார். "தங்கச்சி, இது உசிர் நண்டு ஏத்துற வண்டி. கால் ஒடிஞ்ச நண்டுக்கு வெலை கெடையாது. மெட்ராஸ் வரைக்கும் ஒரு கால் ஒடியாம கொண்டு போயிருக்கேன், பாப்பாவைக் கொண்டு போக மாட்டேனா?" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பழைய நைலான் வலையை மடித்து மடித்து அடுக்கி, அதன்மேல் எங்கள் வீட்டு மெத்தையைப் போட்டார். குலுங்காமல் இருக்க டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். வேகத்தடை வந்தால் "வருதுடா பாப்பா" என்று முன்கூட்டியே குரல் கொடுத்து, வண்டியைச் சாய்வாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். பரமக்குடி தாண்டியதும் பாப்பா தூங்கியே போனாள். மீன்பிடித் தடைக்காலம் வேறு, வண்டிக்கு லோடே இல்லாத நேரம். டீசல் காசு கூட வாங்கவில்லை.

ரத்தம் கொடுத்த தங்கச்சிமடம் தம்பிகள், நரம்பு கிடைக்காத கையில் பொறுமையாகத் தேடி ஊசி ஏற்றிய நர்ஸ் அக்கா, கேட்காமலே பணம் திரட்டிய மகளிர் குழு, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் என்று வேண்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். எலும்புக்கு நார் மாதிரி இருக்கும் கொலாஜன் சரியாக உருவாகாததால்தான் இப்படி ஒடிகிறதாம். கோளாறு ஜீனில் இருப்பதால், பால் கொடுக்கவில்லை, சத்துக் கொடுக்கவில்லை என்று என்னைச் சொன்னவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாகக் குணமாக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்து உண்டு. அந்த வகையில் பமிட்ரோனேட்டை ட்ரிப்ஸில் ஏற்றினால் இந்தப் பிள்ளைகளின் எலும்பு கெட்டிப்படுகிறது, ஒடிவது குறைகிறது என்று 1998-ல் கனடாவின் மாண்ட்ரியலில் க்ளோரியூ என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள். பாப்பாவுக்கு ஏறுவது அதே வகையில் பிறகு வந்த ஜொலிட்ரோனிக் ஆசிட். பிள்ளை வளர வளரத் தானும் நீளும் இந்தக் கம்பியும் மாண்ட்ரியலில் ஃபாசியே, டுவால் என்ற டாக்டர்கள் உருவாக்கியதுதான். பாம்பன் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ, அவர்களுக்கும் நன்றி.

இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸுக்குப் போக வேண்டும். அங்கே கைக்குழந்தையோடு புதிதாக யாராவது உட்கார்ந்திருப்பார்கள். துணி மாற்றும்போது காலைப் பிடித்துத் தூக்காதே, இடுப்புக்கு அடியில் கை கொடு. கக்கத்தில் பிடித்துத் தூக்காதே. எண்ணெய் தேய்த்துக் கை காலை இழுத்து நீவ யாரையும் விடாதே என்று அவர்களிடம் சொல்லப் போகிறேன். டாக்டரும் சொல்வார்தான், ஆனால் அவருக்குக் கூட்டம் காத்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தே காட்டுவேன்.