தேவாலா வெள்ளைக்கல்லின் உள்ளே பார்க்க உதவியவர்களுக்கு

தேவாலா, பந்தலூர் சொந்தங்களுக்கு வணக்கம்.

சூடேறும் தாதுக்கல் எப்படி விரிசல் விடுகிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்கான கற்கள் நம் நீலகிரி மண்ணிலிருந்து போனவை. 1880களில் தங்கம் தேடி வந்த ஆங்கிலேயக் கம்பெனிகள் சில ஆண்டுகளிலேயே மூட்டை கட்டிவிட்டன. அவர்கள் தோண்டிப் போட்ட வெள்ளைக்கல் இன்னும் தேயிலைக்கு நடுவே கிடக்கிறது.

கூடவே நடந்து வந்த அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. புதர் மூடிய பழைய சுரங்கக் குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கு அத்துப்படி. யானை நின்ற பக்கம் எங்களை விடவே இல்லை. கல் பொறுக்க அனுமதித்த தோட்ட மேலாளர் ஐயாவுக்கும், மழைக்கு ஒதுங்க இடமும் சூடாகத் தேநீரும் கொடுத்த லைன் வீட்டு அக்காமாருக்கும் என் அன்பு.

அப்புறம், எக்ஸ்ரே ஆய்வகத்து அக்கா. கல்லை இம்மி இம்மியாகத் திருப்பி, நூற்றுக்கணக்கான எக்ஸ்ரே படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்தால், வெட்டாமலே அதன் உள்பக்கம் முழுவதும் தெரியும். அடர்ந்த தாது வெள்ளையாகவும் விரிசல் கறுப்பாகவும் விழும். வெட்டிவிட்டால் அந்தக் கல் அத்தோடு போச்சு. இதில் அதே கல்லைச் சூடேற்றி மறுபடி படமெடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அதை முன்பிருந்த நிலையிலேயே பொருத்தி வைத்த அவர் பொறுமை இல்லையென்றால் இரண்டு படங்களையும் ஒப்பிட்டிருக்கவே முடியாது.

வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அதை நெருங்கும்போது வேகமாகப் பருக்கும். பக்கத்துக் கனிமம் அதே அளவு பருக்காது. அந்த இழுபறியில்தான் கல்லுக்குள் இருக்கும் கனிம மணிகளின் எல்லை பிளக்கிறது. 400 டிகிரியில் மயிரிழையாக இருந்த விரிசல்கள் 600ஐத் தாண்டியதும் ஒன்றோடொன்று கைகோத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சுரங்கங்களில் கல்லை நொறுக்கி அரைக்கத்தான் ஏராளமான மின்சாரம் செலவாகிறது. கல் முன்கூட்டியே சரியான இடத்தில் பிளந்திருந்தால் அரைப்பது எளிது.

படத்தில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள் தங்கமா என்று எல்லாரும் கேட்டீர்கள். இல்லை, அவை இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற தாது. தங்கம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது படங்களை லேப்டாப்பில் கொண்டு வருகிறேன். அண்ணன் பொறுக்கிக் கொடுத்த கல்லின் படத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன், அது அவர் வீட்டுக்கு.

அன்புடன்,
கூடலூரில் பிறந்த ஆய்வு மாணவி