தட்டைப் பின்னுக்கு இழுத்த கைகளுக்கு

அன்பார்ந்த பங்குமக்களுக்கும், கோயில் பக்கம் வராவிட்டாலும் என்னைத் தங்கள் சாமியாராகவே வைத்திருக்கும் ஊர்மக்களுக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் கொடுத்தவர்களைத்தான் வரிசைப்படுத்துவோம். இந்த ஆண்டு எனக்குக் கொடுக்க மறுத்தவர்களே அதிகம். அவர்களை நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடந்த மார்ச் 5, கத்தோலிக்கர் நோன்பிருக்கும் சாம்பல் புதன். எனக்கு வயது 71, இனிப்புநீர் என்ற நீரிழிவு வந்து 19 ஆண்டுகள். நோன்புக் கடமை 18 வயது முதல் 59 வயது வரைதான் என்றும், நோயாளிகளுக்கு அதுவும் இல்லை என்றும் முந்திய ஞாயிறு மறையுரையில் நானே விளக்கியிருந்தேன். விளக்கிவிட்டு, புதன் காலையில் கிளிக்லசைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் கறுப்புக் காப்பியோடு நாள் முழுவதும் இருந்தேன். பக்தி என்று சொல்லத்தான் ஆசை. ‘இந்த வயதிலும் சாமிக்கு என்ன உறுதி’ என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்ற சபலம்தான் அதில் பாதிக்கு மேல். அந்த மாத்திரையோ கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பிட்டீர்களா என்று அது கேட்பதில்லை.

மாலைத் திருப்பலியில் பாதி வரிசை கடந்திருக்கும். ஒரு சிறுமியின் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடப் போன என் கட்டைவிரல் அவள் மூக்கு நுனி வரை இறங்கிவிட்டது. கரிக்கோட்டோடு அந்தப் பிள்ளை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கையிலிருந்த கிண்ணம் நிற்காமல் ஆடியது. அடுத்து நின்றவர் ஓய்வுபெற்ற தாதி. அவர் நெற்றியைக் காட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். “உட்காருங்கள் சாமி” என்றார். முப்பது ஆண்டு வார்டில் பேசிய குரல், தட்ட முடியவில்லை. அங்கி நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் கைப்பையிலிருந்த, இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி 3.1 மில்லிமோல் காட்டியது. 4க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. பீடச்சிறுவன் ஒருவன் பூசை உடை மாற்றும் அறையான சக்கரிஸ்துக்கு ஓடி, தன் பள்ளிப்பையிலிருந்த மைலோ பானப் பாக்கெட்டைக் கொண்டுவந்து, குழலைக் குத்தி என் வாயில் வைத்தான். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 5.4. மீதிச் சாம்பலை வேதியர் பூசி முடித்தார். என்னுடையதைவிட நேரான சிலுவைகள் என்று பேசிக்கொண்டார்கள்.

தம்பி, உனக்கு நான் ஒரு மைலோ கடன். கேட்டால் உன் அம்மா திட்டுவார் என்பதால் இன்னும் தரவில்லை.

அடுத்த வாரம் அரசு கிளினிக்குக்குப் போனேன், போக வைக்கப்பட்டேன். டாக்டருக்கு, எனக்குப் பேத்தி இருந்திருந்தால் அவள் வயது இருக்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஏ1சி 10.4 என்றார். பிறகு அங்கிருந்த தாதி என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் என் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவர் பத்து இடத்தில் தொட்டிருந்தார். நான் ஆறுதான் சொல்லியிருந்தேன். மயங்கி விழப்போனபோதுகூட எனக்கு அத்தனை பயம் வரவில்லை.

நம்மில் இது புதிதல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொல்கிறது. கிட்டத்தட்ட ஆறில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், பெஞ்சுக்கு ஒருவர் வருவார்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மா கெட்டிப்பால் டின்னின் அடியைச் சுரண்டித் தேநீர் கலந்து கொடுப்பார். நாங்கள் கறுப்புத் தேநீர் குடிப்போம். அப்படி வளர்ந்தவனுக்கு, ஒரு தோட்ட வீட்டில் நீட்டிய தேநீரை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பது போல. வீடு மந்திரித்து ஆசீர்வதிக்கப் போனால் ஒரே மாலையில் எட்டுக் குவளை குடித்துவிட்டு வருவேன். என்னால் மறுக்க முடியாத தேநீரை எனக்குத் தர நீங்களே மறுத்தீர்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகச் சொல்லி வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் பால் தேநீரான தே தாரேக் கேட்டால், இப்போது பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான் வருகிறது. மலாயில் கோசோங் என்றால் வெறுமை. அங்கே நான் ‘ஆயேர் கோசோங்’ என்று வெறும் தண்ணீர் கேட்டதைக் கேட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், “ஆயரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா சாமி?” என்று பதறிவிட்டார். ஆயரிடம் இதைச் சொன்னேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா அனுப்பிய அடுக்குச் சட்டியைத் திறந்தேன். மேலடுக்கில் கடலைச் சுண்டல். நடுவிலும் சுண்டல். அடியில் காகிதத்தில் மடித்த நான்கு அதிரசம், மேலே பேனாவில் ‘கோயில்பிள்ளைக்கு’ என்று எழுதியிருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என் கண் முன்னாலேயே நான்கையும் தின்றார். அவருக்கும் என் நன்றி, கொஞ்சம் குறைவாக.

காலை ஆறு மணிக்குத் திடலில் என்னோடு நடக்கும் மூவரை விட்டுவிட முடியாது: தமிழ்ப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர், இரும்புக்கடைச் சீனர், ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். சுற்றுக்குப் பத்து மணி என்று ஐந்து சுற்றில் என் ஜெபமாலை முடிகிறது. மலாய் ஆசிரியர் கையிலும் மணிகள் நகர்கின்றன. பேச்சு ஆறாவது சுற்றில்தான். அதுவும் பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

இனி, எழுதத் தயங்கிய பகுதி. ஒரு குரு நாளுக்கு ஒரு திருப்பலி நிறைவேற்றுவதே முறை. குருக்கள் போதாத இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயர் அனுமதியோடு மூன்று வரை போகலாம். நான் பல ஆண்டுகளாக அந்த மூன்றிலேயே ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது, தோட்டத்துச் சிற்றாலயத்தில். மே மாதம் முதல் அங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மட்டுமே பூசை. மற்ற ஞாயிறுகளில் வேதியர் இறைவார்த்தை வழிபாடு நடத்தி நற்கருணை கொடுக்கிறார். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் ஷா ஆலமுக்கும் ஜொகூருக்கும் போய், அங்கே மிஞ்சியிருப்பது 14 குடும்பங்கள். இருக்கிறவர்களிடமிருந்து மறுபடியும் எடுக்கிறேனே என்று அதைச் சொல்லப் போன நாள் எனக்கு நாக்கு எழவில்லை. முன்வரிசைப் பாட்டிதான் முடித்துவைத்தார்: “வாராவாரம் பூசை வேண்டும் என்று அடம்பிடித்து, கடைசியில் உங்கள் அடக்கப் பூசைக்கு வந்து நிற்கவா? போய்ப் படுங்கள் சாமி.”

அந்தப் பதினான்கு வீடுகள் கொடுத்ததற்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை. இரவில் நோயில்பூசுதலுக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன். அதில் மட்டும் யாரும் எனக்குச் சலுகை காட்ட வேண்டாம்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு வழக்கம்போலப் போனேன். நம் இளைஞர்கள் மடக்கு நாற்காலியோடு பின்னாலேயே வந்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க இரண்டு மணி நேரம்தான் என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டேன்.

ஏ1சி ஜூனில் 8.6, அக்டோபரில் 7.3. எடை 91 கிலோவிலிருந்து 84. உள்ளங்காலில் உணர்ச்சி போன நான்கு இடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இனி வெறுங்காலோடு எங்கும் நடக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

அதனால் ஒரு வேண்டுகோள். டிசம்பரில் கேரல் குழுவோடு உங்கள் வீடுகளுக்கு வருகிறேன், ஓர் இரவுக்கு ஐந்து வீடு மட்டும். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து வேறொரு ஜோடிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வருவேன். மரியாதை தெரியாதவன் என்று எண்ண வேண்டாம். அது வீட்டுக்குள் போடுவதற்கென்றே வாங்கியது. நேற்றுத்தான் கழுவிக் காயவைத்தேன்.

உங்கள் பங்குத்தந்தை