குராய்டனிலிருந்து அப்பாவுக்கு

குராய்டன், லண்டன்
5 ஜூலை 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதையும், செல்விக்கு வரன் வந்திருப்பதையும் படித்து நிம்மதியானேன். நம் குன்னூர் மலை ரயிலில் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் நடித்த வெள்ளைக்காரப் பாட்டி இறந்த செய்தி உண்மைதானா என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். டேம் பெக்கி ஆஷ்க்ராஃப்ட் ஜூன் 14-ஆம் தேதி காலமானார். 1907-இல் அவர் பிறந்தது நான் இருக்கும் இதே குராய்டனில்தான். இங்குள்ள ஃபேர்ஃபீல்டு வளாகத்தில், 1962-இல் திறந்த நாடக அரங்குக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் தந்தையைப் பறிகொடுத்த பெண் அவர். பதினாறு வயதில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார்; பின்னாளில் பெரிய நடிகரான லாரன்ஸ் ஒலிவியர் அங்கே உடன் பயின்றவர். பூனைக்கு மீன் வேகவைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் ரொட்டியும் ஜாமும் சாப்பிடும் பக்கத்து வீட்டுப் பாட்டி, 1935-இல் அவரை ஜூலியட்டாகப் பார்த்தவர். நடிகர் ஜான் கில்குட்டும் ஒலிவியரும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ ஆகிய வேடங்களை மாற்றிக்கொண்டு நடித்ததால், இருவரையும் ரோமியோவாகப் பார்ப்பதற்காக இரண்டு முறை டிக்கெட் வாங்கினாராம். இருந்தும் இன்று அவர் பேசுவதெல்லாம் ஜூலியட்டைப் பற்றித்தான்.

எனக்கு ஆஷ்க்ராஃப்ட் மீது மதிப்பு கூடியதற்குக் காரணம் வேறு. 1930-இல் சவாய் தியேட்டரில், கறுப்பின நடிகர் பால் ராப்சன் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாகவும் இவர் அவன் மனைவி டெஸ்டிமோனாவாகவும் நடித்தபோது, ஒரு கறுப்பரை மேடையில் முத்தமிடலாமா என்று வசைக் கடிதங்கள் வந்தன. 22 வயதுப் பெண் அதற்கெல்லாம் அசையவில்லை. நிறத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டிலும் உண்டு என்பதால் இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

1963-இல், ஐம்பத்தைந்து வயதில், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடக வரிசையில் மார்கரெட் அரசியாக, இளம்பெண்ணாய் வந்து பழிதீர்க்கத் துடிக்கும் கிழவியாய் முடியும் வரை ஒருவராகவே நடித்தார். சாமுவேல் பெக்கெட் எழுதிய ஒரு நாடகத்தில் இடுப்பளவும் பிறகு கழுத்தளவும் மண்ணில் புதைந்தபடியே பேசினார். திரைப்படங்களில் அவ்வளவாக நடிக்காமல் மேடையிலேயே ஆயுளைக் கழித்தவருக்கு, டேவிட் லீன் இயக்கிய அந்த மலை ரயில் படத்தில் மிஸஸ் மூராக நடித்ததற்கு ஆஸ்கர் கிடைத்தபோது வயது 77. தாமதமாக வந்தாலும் தகுதியானவருக்கே வந்தது என்பேன்.

செய்தி கேட்ட வாரமே அந்தப் படத்தின் கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். படத்தில் வரும் டாக்டர் அசீஸ் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு வர, ரயில் பாலத்தைக் கடக்கும் இடத்தில், அந்தப் பல்சக்கரச் சத்தமும், ஷெட்டிலிருந்து நீங்கள் வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் கரி வாசமும் நினைவுக்கு வந்து, அதற்குமேல் படத்தைப் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன். மகனைப் பார்க்க வந்த மிஸஸ் மூர், ஊர் திரும்பும் கப்பலிலேயே இறந்துபோகிறார். அம்மா கையால் ஒரு கவளம் ரசம் சோறு கிடைத்தால் போதும் என்று அன்று இருந்தது.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. போன மாதம் ஜூனிலும் குளிர் வாட்டியது. குன்னூர்க் குளிரில் வளர்ந்தவளுக்கு ஹீட்டர் எதற்கு என்று போடாமலே இருந்துவிட்டேன். இரவு ஷிஃப்ட்டுகளை நானாகவே கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த மாதம் பணம் சற்றுக் குறைவாக இருக்கும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

செல்வியின் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஆடி கழிந்து நிச்சயம் வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றி என்ன கேட்டாலும் வீட்டுப் பத்திரத்தை மட்டும் வங்கியில் வைத்துவிடாதீர்கள். சித்தப்பா வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தாரா என்றும், மாப்பிள்ளை நிரந்தர வேலையில் இருக்கிறாரா என்றும் விசாரித்து மறு தபாலில் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
வசந்தா