கைவிட்ட கல்லுக்கிடங்கும் எங்கள் கிணறுகளும்: நான்காவது மனு

பெறுநர்: மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்கள்
அனுப்புநர்: கல்லுக்கிடங்கடி ஒழுங்கை வாசிகள், 23 குடும்பங்கள், வலிகாமம், யாழ்ப்பாணம்

விடயம்: சுண்ணக்கல் வெட்டிக் கைவிடப்பட்ட கிடங்குப் பள்ளத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தக் கோருதல்

ஐயா,

இதே விடயமாக மூன்று தடவை எழுதிவிட்டோம். முதலாவதைக் கையில் தந்தோம், மற்ற இரண்டும் பதிவுத் தபாலில் வந்தன. "உரிய பகுதிக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரேயொரு பதில் கிடைத்தது. அந்த உரிய பகுதி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. குறை நினைக்க வேண்டாம், தாழ்மையுடன்தான் திரும்பவும் எழுதுகிறோம்.

இடத்தை விளக்கத் தேவையில்லை. போன மாரிக்குத் தங்கள் வாகனம் புதைந்து, எங்கள் பெடியள் தள்ளிவிட்ட அதே ஒழுங்கைதான். வைரவர் கோயிலுக்குப் பின்னால் இடது பக்கம் கிடப்பதுதான் கிடங்கு.

1. அப்பு காலத்தில் அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு வெட்டிய கிடங்கு அது. வீட்டுக்கும் கிணற்றுக் கட்டுக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் அங்கிருந்துதான் கல் போனது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு 1950 தொடக்கம் 1990 வரை வெட்டிய கிடங்குகளுக்குப் பக்கத்தில் எங்களது ஒரு சட்டி அளவுதான். (அந்த ஆலைக்குக் களிமண் மன்னார் முருங்கனிலிருந்து ரயிலில் வரவேண்டியிருந்தது. கல்லுக்கு மட்டும் காலடியைத் தோண்டினால் போதும்.) 1990 யுத்த இடப்பெயர்வோடு எங்கள் கிடங்கும் கைவிடப்பட்டது. திரும்பி வந்தபோது ஈச்சம் பற்றை மூடியிருந்தது, அடியில் தெளிந்த தண்ணீர் நின்றது.

2. அந்தத் தண்ணீர்தான் விடயமே. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. இருக்கிற வழுக்கையாறும் மழை விட்டால் வற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது செம்மண்ணில் சுவறி, வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. மயோசின் என்கிற பழைய புவிக்காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. உடைத்துப் பார்த்தால் இன்றைக்கும் சிப்பி அச்சுத் தெரியும். அதற்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நிலாவரைக் கேணியில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது தாங்கள் அறிந்ததே. எங்களுக்கு இருக்கிற ஒரே தண்ணீர்த் தாங்கி இதுதான் ஐயா. கல் வெட்டின இடத்தில் வடிகட்டுகிற செம்மண்ணும் இல்லை. கிடங்கில் தண்ணீர் ஒரு முழம் ஏறினால் எங்கள் கிணறுகளிலும் ஒரு முழம் ஏறும். வெளியே பார்க்க அது ஒரு பள்ளம், எங்களுக்கு அது கிணற்றின் வாய்.

3. அந்த வாய்க்குள்தான் குப்பை கொட்டுகிறார்கள்.

இரவு பத்து மணிக்குப் பிறகு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரும். விளக்கை அணைத்துப்போட்டு வருவார்கள். கோழிக் கழிவு, பம்பேர்ஸ், பழைய பற்றறி, கலியாண மண்டபத்துச் சாப்பாட்டு இலை, எல்லாம் கொட்டப்படுகிறது. கேட்டால் "கிடங்கு தூர்ந்தால் உங்களுக்குத்தானே நல்லது" என்கிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

போன மாரியில் மூன்று நாள் தொடர்ந்து பெய்தது. நாலாம் நாள் விடிய வாளியை இழுத்தால் தண்ணீரில் கோழிச் சிறகு. பிறகு நாற்றம் தொடங்கியது. தேத்தண்ணி வைத்தால் மேலே ஆடை படர்கிறது. சோறு மத்தியானத்துக்கு முன்னம் புளிக்கிறது. உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டால் காய்ந்த பிறகும் மணம் போகவில்லை. கடைசி வீட்டு மூன்று மாதக் குழந்தையைக் கடையில் வாங்கிய தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறார்கள். தகப்பன் கூலி வேலை. ஒரு நாள் கூலியில் எத்தனை கான் தண்ணீர் வாங்கலாம் என்று தாங்களே கணக்குப் பார்க்கவும். செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் பக்கத்து ஒழுங்கைக்குக் குடம் தூக்கினோம் ஐயா. யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு வந்தவர்களுக்குத் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க வெட்கப்பட்டால், அதற்கு மேல் என்ன இருக்கிறது?

4. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கொதித்தால் கிருமி சாகும், சரி. கழிவு அழுகித் தண்ணீரில் கரைகிற நைத்திரேற்று உப்பு? அது கொதியில் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம். வெங்காயத் தோட்டத்துக்குப் போடுகிற உரத்தாலும் அது வரும், நாங்களும் போடுகிறோம், மறைக்கவில்லை. ஆனால் உரத்துக்குச் சிறகு முளைக்காது.

5. பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) பிடித்து மேலே மண் போட்டு மூடிவிடலாம் என்று ஒரு கதை அடிபடுகிறது. தயவுசெய்து வேண்டாம். குப்பை உள்ளே இருக்க மேலே மூடினால், கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர கிணற்றுக்கு வராமல் போகாது. முதலில் அள்ளி எடுக்க வேண்டும்.

6. கேட்பது இவ்வளவுதான். கொட்டுவதை இன்றே நிறுத்துங்கள். கிடப்பதை ஐப்பசி மழைக்கு முன்னம் அள்ளுங்கள். கிடங்கைச் சுற்றிக் கம்பிவேலியும் பூட்டுப் படலையும் போடுங்கள். தூண் நடுகிற வேலையை நாங்கள் செய்து தருகிறோம். கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கித் தண்ணீரைச் சோதிக்கும் வரை, கிழமையில் இரண்டு நாளாவது தண்ணீர்ப் பவுசர் வண்டி அனுப்புங்கள்.

7. ஆட்கள் யாரென்று கேட்டால் சொல்ல முடியாது, இருட்டில் வருகிறார்கள். ஒரு இரவு வந்து நில்லுங்கள். நாங்கள் நாற்காலி போடுகிறோம். தேத்தண்ணி மட்டும் கேட்க வேண்டாம்.

8. ஐயா, மழைக்கு முன்னம். திரும்பவும் சொல்கிறோம், மழைக்கு முன்னம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கல்லுக்கிடங்கடி ஒழுங்கை மக்கள்

இணைப்பு: 23 குடும்பங்களின் கையொப்பம், முந்திய பதிவுத் தபால் பற்றுச்சீட்டு இரண்டு, கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல்.