டீசல் எங்கே போயிற்று: மகளுக்கு ஒரு கடிதம்

தருமபுரி

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

வண்டி சரியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னதுபோல, இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டியதில்லை என்பதை மாப்பிள்ளையிடம் முதலில் சொல்லிவிடு. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியதற்குக் காரணம், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள். அவற்றை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இனி எந்த ஒர்க்‌ஷாப்பில் எதை மாற்றச் சொன்னாலும், எந்தச் சோதனையை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நீ கேட்க வேண்டும்.

முதலில் அளவைச் சரிபார்த்தேன். டேஷ்போர்டில் தெரியும் சராசரி, இன்ஜெக்டர்கள் எவ்வளவு டீசலைத் தெளித்திருக்கும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் போடும் உத்தேசக் கணக்குதான். டேங்கை நிரப்பி, நாசில் தானாக நின்றதும் நிறுத்தி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, நன்றாக ஓட்டியபின் அதே பங்க்கில் அதே முறையில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க அளவு. விலை குறைவென்று ஒருமுறை கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியிலும் அவசரத்துக்கு மறுமுறை ஓசூரிலும் நிரப்பினால், நாசில் நிற்கும் இடமும் தரையின் சாய்வும் மாறிக் கணக்கு பிசகிவிடும். முறையாக அளந்தபோதும் 10-தான் வந்தது. ஆகவே மைலேஜ் குறைந்துவிட்டது என்ற உன் சந்தேகம் நியாயமானதே.

டயர்களில் காற்று கொஞ்சம் குறைந்திருந்தது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவின்படி, டயர் சூடாவதற்கு முன் நிரப்பினேன். கிரானைட் லாரிகளின் பின்னால் ஓடி ஏர் ஃபில்டரும் தூசி பிடித்திருந்தது, மாற்றிவிட்டேன். ஆனால் இவை லிட்டருக்கு நான்கு கிலோமீட்டரை விழுங்கக்கூடியவை அல்ல. கரும்புகையும் இல்லை, இழுவையும் குறையவில்லை என்பதால் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாயில் கசிவு இருக்குமோ என்பதையும் ஒதுக்கிவிட்டேன்.

காவேரிப்பட்டணம் வரை ஓட்டித் திரும்பி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பார்த்தபோது, முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் கையோடு நின்றது. பிரேக் பேடுகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபர் நகர்வதற்கான பின்களில் கிரீஸ் காய்ந்து துரு ஏறியிருந்ததால், மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் பேட் டிஸ்க்கை விட்டு விலகவில்லை. உள்பக்கத்துப் பேட் வெளிப்பக்கத்தைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தது. கொஞ்சம் பிரேக் பிடித்தபடியே நீ பெங்களூருக்கும் தருமபுரிக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாய். பின்களைப் புதிதாகப் போட்டு, வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் பேட் மாற்றியாயிற்று.

டீசல் செலவைவிட இதுதான் என்னைக் கலங்க வைத்தது, கண்ணு. சேலத்தில் உன் மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தொப்பூர் கணவாயில் இறங்குகிறாய். ஏற்கெனவே சூடேறிய பிரேக், அந்த நீண்ட இறக்கத்தில் மேலும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்து, மிதி அடிவரை போய்விடும். அங்கே நடந்த விபத்துகளை நீயும் அறிவாய். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கும் வழக்கம் யாருக்கு இருந்தாலும் விடச் சொல். இக்கால இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும்.

பிரேக்கைச் சரிசெய்த பின் அளந்தால் 12 வந்தது. மீதிக் குறை எங்கே என்று, வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரை போயும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை. 85, 90 வாக்கில் இருக்க வேண்டும். இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் அதற்கேற்ப டீசலைக் கூட்டுகிறது. உன்னுடையது பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர், கூடுதல் டீசல் செலவழித்து அந்தக் கரியை அவ்வப்போது எரிக்கும். இன்ஜின் போதிய சூடு ஏறாவிட்டால் அந்த எரிப்பு தொடங்காமலோ முடியாமலோ போய், பிறகு மறுபடி முயலும். பழைய வால்வைக் கழற்றியபோது வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. யாரோ கூலன்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பை நாம் நன்றாகவே அறிவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்த நீரில் இருந்த ஃப்ளோரைடின் காரணமாக வந்ததுதானே.

இன்ஜெக்டர்களைச் சோதிக்காமல் விடவில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் தெளிக்கப்படாமல் திரும்பி வரும் டீசலை நான்கு சிறு பாட்டில்களில் தனித்தனியே பிடித்தபோது, நான்கிலும் ஏறத்தாழ ஒரே மட்டம் இருந்தது. ஒன்று தேய்ந்திருந்தால் அதன் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்திருக்கும். அரை மணி நேரச் சோதனை இது. அதைச் செய்யாமலே விலைப்பட்டியல் நீட்டியவர்கள் மீது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

இப்போது நெடுஞ்சாலையில் 13.8 வருகிறது. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் இதை எதிர்பார்க்காதே; நின்று நின்று போகும் இரண்டு டன் வண்டிக்கு அங்கே 10 வந்தாலே நல்லது. வாரம் ஒருமுறையேனும் அரை மணி நேரம் தடையில்லாத சாலையில் ஓட்டினால் டிபிஎஃப் தன் வேலையை முடித்துக்கொள்ளும். பயன்படாத மேல் கேரியரைக் கழற்றி இங்கேயே வைத்துவிட்டேன். வேகம் கூடக் கூடக் காற்று எதிர்த்துத் தள்ளுவது அதைவிட வேகமாகக் கூடும், அதில் கேரியர் வேறு எதற்கு?

புதிய கூலன்ட் நிரப்பியிருக்கிறேன். முதல் மாதம், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டப்பாவில் மட்டத்தைப் பார். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதே; டிக்கியில் அதே நிறக் கூலன்ட் ஒரு கேன் வைத்திருக்கிறேன், அதை ஊற்றிவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அப்பா